விருந்தாளிக்காக ஓர் அடிப் பள்ளம்

வீட்டுக்குள் பார் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இதை இப்படி ஒரே மூச்சில் சொன்னால், கேட்பவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் கழுத்தைப் பார்ப்பார், அதற்கும் அப்புறம்தான் பேச்சு வரும். "நீங்க குடிப்பீங்களா?" என்பது அடுத்த கேள்வி. குடிப்பதில்லை. ஒருமுறை என் கணவர் வாங்கி வந்த பீரில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். புளித்துப்போன கஞ்சித் தண்ணீரில் ஐஸ் போட்டது போல இருந்தது. மீதியை அவரே குடித்துக்கொண்டார்.

பாட்டில் வைக்க ஓர் அலமாரி போதும், அதை எந்தத் தச்சரும் செய்துவிடுவார். வந்தவர்களை உட்கார வைப்பதுதான் கஷ்டம். நான்கு பேர் உட்கார்ந்தால் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். ஊற்றிக் கொடுக்கிறவர் விருந்தாளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கீழே சிரிக்கிற சத்தம் மேலே தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாது. நிலத்துக்குக் கீழே இருக்கிற அறை என்றால் ஈரவாடை வரக் கூடாது. வந்துவிட்டால் எத்தனை விளக்குப் போட்டாலும் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு வரும். குடிக்கத் தெரியாதது இதுவரை இடைஞ்சலாக இருந்ததில்லை.

நான் கொல்லிமலைக்காரி. பெரக்கரை நாட்டில் பிறந்தேன்; மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த பகுதி. பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு, சேலத்தில் வீட்டு உள்வேலை எடுத்துச் செய்யும் ஒருவரிடம் சில வருடம் இருந்தேன். பிறகு தனியாகத் தொடங்கினேன். சேலத்திலும் நாமக்கல்லிலும் கோவையிலும் என் கைபட்ட கீழறைகள் இருக்கின்றன. எங்கள் மலையில் மட்டும் ஒன்றுகூட இல்லை. மரவள்ளியும் மிளகும் போடுகிறவர்களுக்கு வீட்டுக்கு அடியில் பார் எதற்கு? அதனால் வளப்பூர் நாட்டிலிருந்து ஒருவர் போன் செய்து, "நம்ம மலைப் பொண்ணுன்னு சொன்னாங்க, வந்து பாருங்க" என்றபோது, வேறு ஊர் வேலையைத் தள்ளி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கூப்பிட்டவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சிப் பக்கத்துக்காரர். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு சொந்தமாக லாரி வைத்து ஓட்டியவர். இப்போது லாரிகளை மகனிடம் விட்டுவிட்டு, மனைவியோடு மலையில் வந்து இருப்பதற்காக வீடு கட்டிக்கொண்டிருந்தார். சரிவான நிலம். மேலே வீடு ஏறக்குறைய முடிந்திருந்தது. அதற்கு அடியில், தூண்களுக்கு நடுவே, பெரிய கூடம் போல இடம் கிடந்தது. பின்பக்கம் மலையை ஒட்டிய மண். முன்பக்கம் திறப்பு, அங்கே நின்றால் பலா மரங்களுக்கு மேலே பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். இந்த இடத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்று பார்த்த உடனே எனக்குத் தோன்றிவிட்டது.

அவர் செல்போனில் ஒரு படம் காட்டினார். ஏதோ ஓட்டல் பார். நீல விளக்கு, உயரமான கவுன்ட்டர், உயரமான ஸ்டூல்கள்.

"இதே மாதிரி வேணுங்களாண்ணா?"

"இதே மாதிரின்னு இல்லீங்க அம்மிணி. வர்றவன் வந்தமா உக்காந்தமான்னு இருக்கோணும்." சரிவின் கீழ்ப்பக்கத்தைக் கையால் காட்டினார். "கார் இங்க வரைக்கும் வருங்களா?"

"பாதை வெட்டினா வரும். ஆனா மேல ரோட்டுல இருந்தே வீட்டுக்குள்ள வந்துறலாமே. ஹால்ல இருந்து படி இறக்கிறலாம்."

அவர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் வரைபடத்தில் ஹாலில் இருந்து படிக்கட்டு, உயரக் கவுன்ட்டர், அதற்கு ஸ்டூல்கள் எல்லாம் போட்டுக் கொண்டுபோனேன். நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா ஸ்டூல் வேண்டாங்க" என்றார். சரி என்று, சுவரோரம் சோபாக்கள் போட்டு இரண்டாவது வரைந்தேன்.

"எல்லாரும் பாருகிட்ட நிக்கையில ஒருத்தன் மட்டும் சோபாவுல தனியா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"யாருங்கண்ணா தனியா உக்காரப் போறாங்க?"

"யாரோ ஒருத்தன்."

மூன்றாவது முறை படிக்கட்டே வேண்டாம் என்றார். படி இல்லாமல் கீழறைக்கு எப்படி வருவது என்று கேட்டேன். "அதைத்தான நீங்க சொல்லோணும்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன வேண்டும் என்று சொல்லாமல் இது வேண்டாம் அது வேண்டாம் என்கிறவர்களிடம் நான் வேலை செய்வதில்லை. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். இந்த வேலை வேண்டாம் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது பின்னாலேயே அவர் மனைவி வந்தார். அதுவரை அவர் என்னிடம் நான்கு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார். வீட்டுக்குள் பார் வருவதில் அவருக்கு இஷ்டமில்லை என்பது அவர் காபி டம்ளரை வைத்துவிட்டுப் போகிற விதத்திலேயே தெரியும்.

"கோவிச்சுக்காதீங்க கண்ணு. அவரு வாய் தொறந்து சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன், வாங்க."

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அவர் சொன்னது இதுதான். இவருக்கு ஒரு நண்பர். இருவரும் ஒரே லாரியில் வருடக்கணக்காக வடக்கே போய் வந்தவர்கள். ஒருவர் தூங்கினால் ஒருவர் ஓட்டுவார். ஒருநாள் சரக்கு ஏற்றும்போது மூட்டைகள் மேலிருந்து சரிந்து நண்பரின் இடுப்பில் விழுந்துவிட்டன. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். அப்படியும் மனிதர் கலகலப்பாகத்தான் இருந்தார். இவர்கள் மகன் கல்யாணத்துக்கு ஆசையாக வந்திருக்கிறார். மண்டபத்தில் ஏகப்பட்ட படி. நான்கு பையன்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கி மேலே கொண்டுபோனார்கள். யாரோ கைதட்டினார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

"அதுக்கப்புறம் அந்த அண்ணன் ஒருத்தரு ஊட்டுக்கும் போறதில்லீங்க. கூப்பிட்டா, 'எனக்கெதுக்கு, என்னைய மூட்டையாட்டத் தூக்கவா'ங்கறாரு. இவரு அதை நெனைச்சு நெனைச்சு வேகறாரு. பாருமில்லை ஒண்ணுமில்லை, அவரு வந்து உக்காரோணும். அவ்வளவுதானுங்க."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா நீங்க ஆஸ்பத்திரியாட்டம் கட்டிப்போடுவீங்க. கம்பி வெப்பீங்க, சரிவு வெப்பீங்க. தனக்காகத்தான் கட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சா அந்த அண்ணன் வாசல்லயே திரும்பிருவாரு. அதான் இவருக்குப் பயம்."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. திரும்பிப் போய் இன்னொரு தடவை அந்த இடத்தை அளந்தேன். வீட்டுக்காரர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சேலத்தில் ஒரு சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்தேன். நான் முன்பு பார் அமைத்துக் கொடுத்த ஒரு வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அவருடைய கீழறைக்கு அதைக் கொண்டுபோய் அதில் உட்கார்ந்து பார்த்தேன். நான் மெச்சிக்கொண்டிருந்த கவுன்ட்டர் அது. பலகை என் மோவாய்க்கு வந்தது. முட்டி பலகை அடைப்பில் இடித்தது. வீட்டுக்காரரைக் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னேன். அவர் என்னைக் குனிந்து பார்த்தார், நான் அவரை அண்ணாந்து பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு டம்ளர் ஜூஸை நீட்டியபோது, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் பரிசு வாங்கியது நினைவுக்கு வந்தது.

கவுன்ட்டரைத் தாழ்த்துவது சுலபம். ஒரு ஓரத்தில் மட்டும் தாழ்த்தினால் அந்த ஓரம் யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். முழுதும் தாழ்த்தினால், ஊற்றிக் கொடுக்கிறவர் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்து போவார். அப்போதும் அவர் நின்றுகொண்டு, விருந்தாளி அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இதை வைத்து இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பதில் கிடைத்தபோது நான் என் வீட்டுச் சமையலறையில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பின்வாசலில் நான்கு படி இறங்கி, கீழே நின்று பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் முகமும் ஏறக்குறைய நேராக இருந்தது.

விருந்தாளியை உயர்த்த வேண்டியதில்லை. வீட்டுக்காரரை இறக்கிவிட வேண்டியதுதான்.

புது வரைபடத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் தரையை ஓர் அடி பள்ளமாக்கினேன். இந்தப் பக்கம் பலகை சாப்பாட்டு மேசை உயரம். எல்லாருக்கும் சாதாரண நாற்காலிதான். அந்தப் பக்கம் பள்ளத்தில் நிற்பவருக்கு அதே பலகை இடுப்புக்கு மேலே, வேலை செய்ய வாகாக வரும். உட்கார்ந்திருப்பவர் கண்ணும் நிற்பவர் கண்ணும் நேருக்கு நேர். பலகைக்குக் கீழே அடைப்பு கிடையாது; யாருடைய முட்டியும் உள்ளே போகும். வாசலைப் பள்ளத்தாக்குப் பக்கம் வைத்தேன். கார்கள் எல்லாம் கீழ்ப்பாதையில் வந்துதான் நிற்கும்படி செய்தேன். அங்கிருந்து அறைக்கு, தோட்டத்து நடைபாதை போல வளைந்து, தெரியாத மாதிரி ஏறும் கல்தளம். வாசலில் நிலைப்படி இல்லை. படிக்கட்டு உண்டு, ஆனால் அது வீட்டார் மட்டும் இறங்கி வர, பின்னால் சமையலறையில் இருந்து வரும் சின்னப் படி. விருந்தாளி யாராக இருந்தாலும் வரும் வழி ஒன்றுதான்.

வரைபடத்தைக் காட்டினேன். அவர் பள்ளத்தைத் தொட்டுக் காட்டி, "இது என்னங்க?" என்றார்.

"நீங்க நிக்கிற எடம்ண்ணா."

விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "நான் கீழ நின்னா அவன் எனக்குச் சமமா இருப்பானுங்களா?" என்றார். சொன்ன பிறகுதான், தான் சொல்லிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு அடுப்பும் வெச்சுக் குடுத்துருங்க கண்ணு" என்றார் அக்கா. "வர்றவங்க எல்லாருமா குடிக்கப்போறாங்க? ஒரு சுக்குக் காபி போடலாம், மிளகு போட்டு எதாவது வறுத்துத் தரலாம்."

பள்ளம் என்றதும் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி மறுத்தார். "மழை பேஞ்சா மலையில இருந்து எறங்கற தண்ணி நேரா இந்தக் குழியிலதானுங்க வந்து நிக்கும். பாருன்னு போர்டு போட்டுட்டு நீச்சல் குளம் விடலாம்." அவர் சொன்னதில் தப்பில்லை. ஐப்பசி மழையில் எங்கள் மலையில் வெட்டிய இடமெல்லாம் ஊறும். தண்ணீரைத் தடுத்து நிறுத்தப் பார்த்தால் அது வேறு வழியில் வரும். போக வழி கொடுத்துவிட வேண்டும். பின்சுவருக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு சுவர் எழுப்பச் சொன்னேன். அந்த இடைவெளியின் அடியில் ஒரு வாய்க்கால், பள்ளத்துத் தரையைவிடத் தாழ்வாக. அங்கிருந்து தரைக்கு அடியில் குழாய் ஓடி, சரிவின் கீழே வெளியே வரும். சமவெளியில் இருந்தால் மோட்டார் வைக்க வேண்டும். சரிவில் தண்ணீர் தானே போய்விடும். மேஸ்திரி முனகிக்கொண்டே கட்டினார். ஆனால் தண்ணீர் ஓடும் வாட்டம் ஒரு நூல்கூடப் பிசகாமல் கட்டினார்.

பலகைக்கு அவர்கள் தோட்டத்திலேயே காற்றில் விழுந்த பலா மரம் இருந்தது. அறுத்தபோது மஞ்சளாக இருந்த மரம், எண்ணெய் தேய்க்கத் தேய்க்கத் தேன் நிறத்துக்கு வந்தது. நீல விளக்கை அவர் மறந்தே போனார்.

வேலை முடியும் முன் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. நான் சேலத்தில் இருந்தேன். ஒருநாள் காலையில் அவரிடமிருந்து போன்.

"அம்மிணி, தண்ணி வந்துருச்சுங்க. உடனே கெளம்பி வாங்க."

மேற்கொண்டு கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை. மலைப் பாதையில் பஸ் ஒவ்வொரு வளைவாக ஏறும்போது, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஏறுவது போலவே எனக்கு இருந்தது. பலாப் பலகை மிதப்பதாக நினைத்துக்கொண்டேன். மேஸ்திரியின் முகத்தை நினைத்துக்கொண்டேன். என் மலையில் செய்த முதல் வேலை இப்படியா ஆக வேண்டும் என்று கண்ணில் நீர் வந்துவிட்டது.

போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டில் இல்லை, குடை பிடித்துக்கொண்டு சரிவின் கீழே நின்றார். பக்கத்தில் மேஸ்திரி, தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு. இருவரும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாயின் வாயிலிருந்து கை தடிமனுக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"வந்துருச்சு பாத்தீங்களா!" என்றார் அவர். "விடியக்காலம் புடிச்சு ஊத்துதுங்க. உள்ள போயிப் பாருங்க, ஒரு சொட்டு இல்லை."

உள்ளே ஓடினேன். பள்ளத்தில் இறங்கி உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். காய்ந்து கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும், யாரோ பக்கத்து அறையில் பேசிக்கொண்டிருப்பது போலக் கேட்டது. "இதுக்கா போன் பண்ணி என்னைய வரச் சொன்னீங்க?" என்று அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டவில்லை. சிரிப்புத்தான் வந்தது. மேஸ்திரி, "பரவால்லீங்க" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மழை விட்டு, வெயில் வந்து, தை மாதத்தில் ஒரு மத்தியானம் நண்பர்களை அழைத்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பழைய லாரிக்காரர்கள் ஏழெட்டுப் பேர், சிலர் மனைவியோடு. அந்த நண்பர் வருவாரா என்பது கடைசி வரை தெரியாது. வீட்டுக்காரரின் மகனே நேரில் போய் அழைத்ததால் கிளம்பிவிட்டார் என்றார்கள்.

கார் கீழ்ப்பாதையில் வந்து நின்றது. நண்பர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்ததும் நிமிர்ந்து மேலே வீட்டைப் பார்த்தார். முகம் இறுகியது. "ஏன் மாப்ள, எதுக்குக் கீழ் வழி?" என்றார்.

"எல்லாருக்கும் கீழ் வழிதாண்டா. மேல போனா உன்ற தங்கச்சி செருப்பைக் கழட்டு, காலைக் கழுவுன்னு உசிரை எடுப்பா" என்றார் வீட்டுக்காரர். பின்னால் வந்த இன்னொரு நண்பர் அதே வழியில் நடந்து போனார். அதற்குப் பின் இரண்டு பெண்கள். நண்பர் அவர்களைப் பார்த்தார். பிறகு சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு புறப்பட்டார். யாரும் கை கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று அக்கா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். கல்தளத்து வளைவில் ஒருமுறை நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தார். மூச்சு வாங்கவா, வேடிக்கை பார்க்கவா என்று தெரியவில்லை. பிறகு உள்ளே வந்துவிட்டார்.

வந்தவர், மற்றவர்கள் போலவே, கவுன்ட்டரில் காலி இடம் ஒன்றைப் பார்த்துப் போய் நாற்காலியை நிறுத்தினார். முட்டி பலகைக்கு அடியில் தடங்கலில்லாமல் நுழைந்தது. இரண்டு முழங்கையையும் பலகையில் ஊன்றினார். வீட்டுக்காரர் பள்ளத்தில் இறங்கி எதிரே நின்றார். இரண்டு முகமும் நேருக்கு நேராக இருந்தன.

"நீ ஏண்டா குழிக்குள்ள நிக்கற?"

"ஊத்திக் குடுக்கறவன் கீழதாண்டா நிக்கோணும். நீங்கெல்லாம் முதலாளிக."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த நண்பரும் சிரித்தார். அவருக்குக் கொஞ்சமாக ஊற்றினார்கள். போதும் என்று சொல்லிவிட்டு அக்காவின் அடுப்பில் இருந்து வந்த மிளகுக் கறியைத்தான் நிறையச் சாப்பிட்டார். பேச்சு பழைய லாரி, பழைய ரோடு என்று போனது. எந்த ஊர் தாபாவில் யார் பருப்பை யார் தின்றது என்பதில் பெரிய சண்டை. பெண்கள் மறுமுனையில் அன்னாசிச் சாறும் சுக்குக் காபியுமாக உட்கார்ந்துவிட்டார்கள். பார் வேண்டாம் என்ற அக்கா, கணவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே பள்ளத்தில் இறங்கி நின்று பரிமாறினார். நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அறை நிறைந்திருந்தது, யாரும் அந்த அறையைப் பற்றிப் பேசவில்லை. என் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது; சொல்வதில் வெட்கமில்லை.

சாயங்காலம், புறப்படுகிற நேரத்தில், அந்த நண்பர் பலகையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதைக் கட்டுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"பாருன்னா ஒசரமா இருக்கும்பாங்க. இது ஏன் தாழ்வா இருக்குது?"

"மலைக்குளிருக்கு ஸ்டூல் ஆகாதுங்க. கால் தொங்கிட்டே இருந்தா வெறைச்சுக்கும்."

"அப்படீங்களா" என்றார். "நல்ல மரம்" என்று பலகையை ஒருமுறை தட்டிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினார். நம்பினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அந்த அறைக்குப் பிறகு மலையில் இன்னும் இரண்டு வேலை வந்தது. இப்போதெல்லாம் யாராவது வீட்டில் பார் வேண்டும் என்றால் எத்தனை பாட்டில், என்ன விளக்கு என்று நான் ஆரம்பிப்பதில்லை. யார் வருவார்கள் என்று கேட்கிறேன். சிலர் முழிப்பார்கள். சிலர் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கி, அப்படியே வெகுநேரம் பேசிக்கொண்டு போவார்கள்.

அந்தத் தை விருந்துக்கு அடுத்த மாசியில், நான் ஈரோடு பஸ்ஸில் இருந்தபோது வீட்டுக்காரர் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அம்மிணி, அவன் வந்திருக்கானுங்க. நான் கூப்பிடவே இல்லை. சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு, ஒரு போன்கூடப் பண்ணாம, நேரா கீழ் வழியில வந்து ஆரன் அடிக்கறானுங்க. ஊட்டுல ஒண்ணுமில்லை, கறி இல்லை, மீனு இல்லை. என்ற சம்சாரம் என்னையப் புடிச்சுத் திட்டறா."

"அப்ப என்ன பண்ணுனீங்கண்ணா?"

"உப்புமா கிண்டறாளுங்க" என்றார். பின்னால் அந்த நண்பரின் குரல், யாரோடு போன் என்று அதட்டிக் கேட்டது. "சரிங்க, வெக்கறேன், அவன் கூப்புடறான்" என்று வைத்துவிட்டார்.